ஜூஜுவாடி தாண்டிக் கேட்ட ‘பன்னி’

கிரீஸின் நீலக் கடல் என் நெடுநாள் ஏக்கம். பெங்களூரில் விசாவுக்கு நேரம் குறித்த அன்று காவிரிக்காகக் கர்நாடகத்தில் பந்த். ஓசூரில் நாங்கள் ஏறிய பஸ் மாநில எல்லையோர ஜூஜுவாடியிலேயே நின்றுவிட்டது. அன்று தவறவிட்டால் பயணமே போச்சு. நானும் கணவரும் எல்லையை நடந்து கடந்தோம்.

அங்கே ஒரு பூ வேன்காரர் கையசைத்தார். “பன்னி, பன்னி!”

ஓசூரில் எத்தனை வருஷம் இருந்தாலும் கன்னடம் காதில் ஏறாத என் திருநெல்வேலிக் கணவர் கொதித்தார். “யாரைவே பன்னிங்கிறீரு?”

“ஐயோ, வாங்கன்னு கூப்பிடுறாருங்க!” என்றேன்.

வேன்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். “ஏறுங்கண்ணா, நீங்க சிங்கம்!”

மல்லிகைக் கூடைகளுக்கு நடுவே எங்களை உட்காரவைத்து, சந்து சந்தாக ஓட்டி, நேரத்துக்குள் விசா அலுவலக வாசலில் இறக்கிவிட்டார்.

விசா கிடைத்துவிட்டது. கிரீஸில் யார் எப்படிக் கூப்பிட்டாலும், சொல்லைக் கேட்கும் முன் முகத்தைப் பார்ப்போம்.