சுவர் தாண்டிய மிளகாய் நெடி

எழுபதுகளின் கடைசியில் காரைக்காலில் நாங்கள் குடியிருந்தது ஒரே கட்டடத்தை இரண்டாகத் தடுத்த வீட்டில். அடுப்படிகளுக்கு நடுவே இருந்த சுவர் கூரைவரை போகாது. கிணறும் துணிக்கொடியும் பொது. என் மகன் பிறந்து பதினெட்டாம் நாள் பக்கத்து வீட்டுக்காரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அந்தக் குழந்தை நான்காம் மாதம், இரண்டு நாள் காய்ச்சலில் இறந்துபோனது.

கல்லறைக்குக் கொண்டுபோன அன்று கொஞ்ச நேரம் போய் நின்றேன். அதன்பிறகு ஆறு வாரம் அவள் வீட்டுப் பக்கம் போகவில்லை. மகனின் துணிகளை அறைக்குள்ளேயே காயவைத்தேன். அவன் அழ வாயெடுத்தால் உடனே பாலூட்டினேன். அவள் கண்ணில் என் பிள்ளை படக்கூடாது, பாவம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

"கைப்பிள்ளைக்காரி அந்தப் பக்கம் போவாத," என்று மாமியார் சொன்னதும் வசதியாக இருந்தது.

மகனுக்கு மூன்றாவது முத்தடுப்பு ஊசி போடப் போனபோது நர்ஸம்மா கேட்டார். எங்கள் இருவருக்கும் பிரசவம் பார்த்தவர் அவர்.

"பக்கத்து வீட்டுப் பொண்ணு எப்படி இருக்கு?"

"நான் போகலைங்க. இவனைப் பாத்தா அழும்னு..."

"அழட்டுமே. அதுல உங்களுக்கு என்ன பயம்?"

"ஆறுதல் சொல்லத் தெரியலைங்க."

"சொல்லாதீங்க. போய் உக்காந்து அந்தப் பிள்ளையப் பத்திக் கேளுங்க. கேக்க ஆளில்லாமதான் இவங்கள்லாம் துரும்பாப் போறாங்க. இன்னிக்கு இவனுக்குக் காய்ச்சல் அடிக்கும், பயப்படாதீங்க."

துக்கத்தில் இருப்பவர்களோடு பேசுவதற்கென்றே படித்தவர்கள் இப்போது இருக்கிறார்களாம். எனக்குக் கிடைத்த படிப்பு அவ்வளவுதான்.

அன்று மத்தியானமே மகனைத் தூக்கிக்கொண்டு போனேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"வழி தெரிஞ்சுதாக்கா?" என்றாள்.

என்ன சொல்வதென்று தெரியாமல், "பாப்பா எப்படித் தூங்கும்?" என்று கேட்டேன்.

முறம் அப்படியே நின்றது. ஒரு கையின் நடு இரண்டு விரல்களை வாயில் வைத்துக்கொள்ளும் என்றாள். இன்னொரு கையால் இவள் காதைப் பிடித்துக்கொள்ளுமாம். காது சிவந்துவிடுமாம். சொல்லிக்கொண்டே அழுதாள்.

"உங்க மவன் மாதிரி ஊரக் கூட்டாதுக்கா எம்பொண்ணு," என்று நடுவில் சிரித்தாள்.

பிறகு கையை நீட்டினாள். நான் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் கொடுத்தேன். அவன் அவள் மார்பில் முகத்தைத் தேய்த்தபோது பால் கசிந்து அவள் ரவிக்கை நனைந்தது. இரண்டு பேருமே பார்க்காததுபோல் இருந்தோம்.

விளக்கு வைக்கும் நேரத்தில் மகனுக்கு உடம்பு சுட்டது. பால் குடிக்காமல் சிணுங்கினான். ஊசிக் காய்ச்சல் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் என் கண்ணில் நின்றது அந்த நனைந்த ரவிக்கைதான். உப்பும் மிளகாயும் எடுத்து மூன்று முறை சுற்றி அடுப்பில் போட்டேன். மாமியார் சொல்லவில்லை. நானேதான் செய்தேன்.

கண் பட்டிருந்தால் நெடி வராது என்பார்கள். வந்தது. நான் இருமினேன், மாமியார் இருமினார். பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு இருமல். அதையும் அவள் அடக்கிக்கொண்டாள்.

மறுநாள் கிணற்றடியில் வாளியை இறக்கியபடியே கேட்டாள். "நெடி வந்துச்சாக்கா?"

நான் குனிந்து என் குடத்தைத் தேய்த்தேன்.

"எங்க வீடுவரைக்கும் வந்துச்சு. அப்ப என் கண்ணு இல்ல."

"ஊசி போட்டாங்க. அதுல வந்த காய்ச்சல்."

"அது நேத்தே தெரியுமா?"

"தெரியும்."

அவள் வாளியை மேலே இழுத்தாள். தண்ணீரைக் குடத்தில் ஊற்றிவிட்டு, "இப்ப விட்டுருச்சா?" என்றாள்.

உள்ளே ஓடி மகனைத் தூக்கிவந்து அவளிடம் நீட்டினேன்.

"வேணாங்க்கா. மிளகா விக்கிற வெலைக்கு," என்று சொல்லிவிட்டுக் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனாள்.

அந்த வாரம் மாதா கோயிலில், பாவசங்கீர்த்தனத்தில் மூடப்பழக்கம் செய்துவிட்டேன் என்று பங்குச் சாமியாரிடம் சொன்னேன். பரிகாரமாக மூன்று ‘அருள்நிறைந்த மரியே’ மந்திரம் சொல்லச் சொன்னார். முழந்தாளிட்டுச் சொன்னேன். அவளைப் பற்றி ஒரு வார்த்தையும் அவரிடம் நான் சொல்லவில்லை.