பம்பரில் சாய்ந்து நின்ற பிள்ளை

இதைக் கட்டுக்கதை என்று யாராவது சொன்னால் எனக்குக் கெட்ட கோபம் வரும். நான் குடிப்பவன் இல்லை. நடந்தது பட்டப்பகலில், ஆயிரம் பேர் நடுவில். என் பெயர் லோவெல். அமெரிக்காவில், ஒமாஹா ஊரில், பன்னிரண்டு வருடமாக ஒரே வேலை பார்க்கிறேன். வண்டியை ஏற்றி இறக்கக் கார்களுக்கு அடியில் மாட்டும் காற்றுப் பைகளை விற்கிற கம்பெனி எங்களுடையது. கார் கண்காட்சிகளில் கம்பெனியின் பகட்டு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துவேன். கூட்டத்தை இழுப்பதுதான் அந்த வண்டியின் பிழைப்பு. என் பிழைப்பும் அதுதான்.

வண்டி 1951ஆம் வருடத்துப் பிக்கப். ஊதா நிறம். கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை, தானாகவே, ஹாரன் இரண்டு முறை அடிக்கும். பைகளிலிருந்து காற்று இறங்கும். ஸ்ஸ்ஸ்... வண்டி தரையோடு தரையாகப் படுத்துவிடும். அடிப்பாகத்தின் அழகு தெரியத் தரையில் முகம் பார்க்கும் கண்ணாடி போட்டிருப்போம். படுத்தபின் கண்ணாடிக்கும் வண்டிக்கும் நடுவில் மூன்று விரல் இடம்தான் மிஞ்சும்.

அப்புறம், பொம்மை. இந்தக் கண்காட்சிகளில் அது ஒரு பழக்கம். திட்டு வாங்கிய பிள்ளை மாதிரி, முகத்தைக் கைகளில் புதைத்து, பம்பரில் சாய்ந்து நிற்கும். நிஜப் பிள்ளையின் உயரம், நிஜ உடுப்பு. முகம் வெளியே தெரியாது என்பதால் முகமே தைக்க மாட்டார்கள். வெறும் துணி. புதிதாக வருகிறவர்கள் பதறிப்போய்க் குனிந்து பார்ப்பார்கள். நாங்கள் சிரிப்போம்.

அன்று பிப்ரவரி மாத ஞாயிறு. வெளியே பனி. என் மகள் டெஸ்ஸாவைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணுக்குக் காய்ச்சல் என்பதால் மகளையும் கூட்டிப் போயிருந்தேன். ஆறு வயது, தாயில்லாப் பிள்ளை. எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான். வண்டியின் பக்கமே போகக் கூடாது என்று காலையிலேயே சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

9:50. நான் போனபோது பொம்மை ஏற்கெனவே பம்பரின் இடது பக்கம் சாய்ந்து நின்றது. சிவப்பு ஜாக்கெட், இரட்டைச் சடை. முதலாளியம்மா வெர்னா வைத்திருப்பார் என்று நினைத்தேன். டெஸ்ஸா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அவ அழுறா."

பொம்மை அழாது என்று சொல்லி அவளை நாற்காலியில் உட்கார வைத்தேன்.

11:40. பொம்மை வலது பக்கம் நின்றது. படம் எடுக்க யாரோ நகர்த்தியிருப்பார்கள். இது எப்போதும் நடப்பதுதான்.

1:15. அதன் காலடியில், கண்ணாடியில் ஈரம். சொட்டுச் சொட்டாக. யாருடைய ஜாக்கெட்டிலிருந்தோ பனி உருகியிருக்கும் என்று துடைத்தேன். பத்து நிமிடத்தில் மறுபடியும் ஈரம்.

2:58. மறுபடி துடைக்கக் குனிந்தேன். கண்ணாடியில் பொம்மையின் முகம் கீழிருந்து தெரிந்தது.

முகம்.

இரண்டு கண்கள். வீங்கிச் சிவந்து... என்னையே பார்த்தன.

சட்டென்று நிமிர்ந்தேன். பம்பரில் யாரும் இல்லை. திரும்பினேன். டெஸ்ஸாவின் நாற்காலி காலி.

குனிந்தேன். சின்னக் கால் ஒன்று... வண்டிக்கு அடியில், இருட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது.

முதல் ஹாரன்.

நிறுத்தும் பொத்தான் வெர்னாவின் பையில். வெர்னாவைக் காணோம். நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கையை உள்ளே விட்டேன். "டெஸ்ஸா! டெஸ்ஸா!" என்று கத்தினேன். "நிறுத்துங்க! உள்ளே பிள்ளை இருக்கு!"

கூட்டம் சிரித்தது. போன்களைத் தூக்கிப் பிடித்தது. "சூப்பரா நடிக்கிறாருப்பா," என்றான் ஒருவன்.

இரண்டாவது ஹாரன்.

ஒரு கை தட்டுப்பட்டது. சின்னக் கை. ஐஸ் மாதிரி. பிடித்தேன். அதுவும் என்னைப் பிடித்தது... இறுக்கமாக.

ஸ்ஸ்ஸ்...

இழுத்தேன். வரவில்லை. முழங்கையில் இரும்பு அழுந்தியது.

இழுத்தேன்...

வரவில்லை.

பிடியை விட்டு, என் கையை உருவிக்கொண்டேன்.

வண்டி படுத்தது.

3:00. எல்லோரும் கை தட்டினார்கள்.

"என்ன லோவெல், பேயறைஞ்ச மாதிரி படுத்திருக்க?"

வெர்னா நின்றுகொண்டிருந்தார். அவர் கையைப் பிடித்தபடி டெஸ்ஸா. வாயெல்லாம் சர்க்கரை. இரண்டு பேரும் சாப்பிடப் போயிருந்தார்களாம். அவளைக் கட்டிக்கொண்டு வெட்கமில்லாமல் அழுதேன். வண்டியைத் தூக்கிப் பார்த்தோம். அடியில் ஒன்றும் இல்லை. கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. காவலர்கள் வந்து விசாரித்தார்கள். எந்தப் பிள்ளையும் காணாமல் போகவில்லை.

பொம்மை எங்கே என்று வெர்னாவிடம் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"அது வேன்ல பெட்டிக்குள்ள இருக்கு. எடுத்து வைக்க மறந்துட்டேன்னு உன்கிட்ட சொல்ல வந்தேன்."

போய்ப் பார்த்தேன். பெட்டியின் ஒட்டுநாடா பிரிக்கப்படவே இல்லை. அப்படியானால் காலையிலிருந்து அங்கே நின்று அழுதது யார்? அவளோடு எத்தனை பேர் சிரித்தபடி படம் எடுத்துக்கொண்டார்கள்... ஒருவர்கூட "என்னம்மா?" என்று கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

6:20. சாமான்களைக் கட்டும்போது கண்ணாடியைத் தூக்கினேன். அதில் ஒரு கறை. மேலே துடைத்தேன், போகவில்லை. திருப்பிப் பின்பக்கம் துடைத்தேன், போகவில்லை. கண்ணாடிக்கும் பின்னாலிருக்கும் பூச்சுக்கும் நடுவில் இருந்தது அது. ஐந்து சின்ன விரல்கள். விரித்து, என் பக்கம் நீட்டியபடி.

டெஸ்ஸா இப்போதும் தூங்கும்போது என் கையைப் பிடித்துக்கொள்வாள். எனக்குத்தான் தூக்கம் வருவதில்லை. அவளிடம் ஒன்றை மட்டும் நான் இன்றுவரை சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன்.

அந்தக் கையை விட்டபோது, அது அவளுடைய கை என்றுதான் நினைத்திருந்தேன்.