குணம் அண்ணை கொண்டுவந்த ஆயில் ஸ்டிக்

குணம் அண்ணை போய்விட்டார். நேற்று மதியம், ஷார்ஜாவில், தன் கடை நாற்காலியில் உட்கார்ந்தபடியே.

இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் பழைய கார்களின் பாகங்கள் விற்றவர். யாழ்ப்பாணத்துக்காரர்.

சில வருடங்களுக்கு முன் என் காரின் ஆயில் ஸ்டிக் உடைந்துவிட்டது. என்ஜினில் எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று இழுத்துப் பார்க்கும் அந்த மெல்லிய கம்பிதான். ஏஜென்சியில் ஆர்டர் போட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள். மறுநாளோ நாங்கள் சவூதியில் ஜுபைலுக்குக் கிளம்ப வேண்டும், மைத்துனர் வீட்டுக்கு.

யாரோ சொல்லி குணம் அண்ணை கடைக்குப் போனேன். எனக்கு என்ன உத்தியோகம் என்று கேட்டார். பேப்பரின் பெயரைச் சொன்னேன்.

"பேப்பர்காரரோ? அப்ப நான் சொல்றதை நம்ப மாட்டியள்."

நம்பினேன். அதே மாடல், அதே வருடத்து வண்டியிலிருந்து கழற்றிய ஸ்டிக். குழாய்க்குள் அழகாக இறங்கியது. இழுத்துப் பார்த்தால் எண்ணெய் ஃபுல்.

மறுநாள் காலை மனைவி, கைக்குழந்தையோடு புறப்பட்டோம். நல்ல கோடை. அபுதாபி தாண்டியதும் ஆபீசிலிருந்து போன்... டெஸ்க்கில் இருக்கும் தம்பி.

"சார், ஒருத்தர் விடாம கூப்பிடுறார். ஸ்டிக் பொய் சொல்லுதாம், உடனே உங்ககிட்ட சொல்லணுமாம். இது நியூஸா சார்?"

என் நம்பரை அண்ணை வாங்கியிருக்கவில்லை. பேப்பரின் பெயர் மட்டும் நினைவிருந்திருக்கிறது. பெட்ரோல் பங்க்கில் நிறுத்தி அவரை அழைத்தேன்.

"தம்பி, என்ஜினை ஓஃப் பண்ணுங்கோ. நான் தந்தது பிழையான ஸ்டிக்."

அவருக்காகப் பழைய வண்டிகளைப் பிரித்துத் தரும் பட்டாணியர் காலையில் வந்து பேச்சுவாக்கில் சொன்னாராம், "பாய், வோ அமெரிக்கா வாலி காடி தி" என்று. அமெரிக்காவிலிருந்து இறக்கிய வண்டி. பார்வைக்கு என் வண்டியேதான், என்ஜின் வேறு. அதன் ஸ்டிக் கொஞ்சம் நீளம். நீளமான கம்பி ஆழமாக இறங்கும். எண்ணெய் குறைந்திருந்தாலும் ஃபுல் என்றே காட்டும்.

"சரிண்ணே, இங்கயே ஒரு கேன் வாங்கி ஊத்திக்கிறேன்."

"எவ்வளவு ஊத்துவியள்? அளக்கிற கம்பியே பொய் சொல்லேக்க? லொகேஷன் அனுப்புங்கோ. நான் வாறன்."

வந்தார். பக்கத்து சீட்டில் சரியான ஸ்டிக், துணியில் சுற்றி. பின்சீட்டில் எண்ணெய் கேன்.

முதலில் பழையதை இழுத்துக் காட்டினார். ஃபுல். அதை என் கையில் கொடுத்துவிட்டு, கொண்டுவந்ததை இறக்கி இழுத்தார்.

நுனி மட்டும்தான் நனைந்திருந்தது.

என் மனைவி அந்த நுனியைப் பார்த்தாள். பிறகு மடியில் தூங்கிய குழந்தையை. அதற்கு மேல் சவூதி எல்லை வரை இருபுறமும் மணல்தான்...

"இதுக்காகவா அண்ணே கடையப் பூட்டிட்டு இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"பூட்டினனானோ எண்டுதான் தங்கச்சி வழி முழுக்க யோசிச்சுக்கொண்டு வந்தனான்."

கொஞ்சம் ஊற்றுவார், பொறுப்பார், இழுத்துப் பார்ப்பார். மறுபடி கொஞ்சம். அளவு சரியாக வரும்வரை எங்களை நகரவிடவில்லை. டீ மட்டும் குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்.

அன்று இரவு நாங்கள் ஜுபைலில் சாப்பிட்டோம்.

தவறான அந்த ஸ்டிக்கைத் தன் மேசைக்கு மேலே கயிற்றில் தொங்கவிட்டிருந்தார். கேட்பவர்களிடம், "இது ஒரு பேப்பர்காரருக்கே பொய்ச் செய்தி குடுத்தது" என்பார். நான் போனால் அதை ஒருமுறை ஆட்டிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார்.

பக்கத்துக் கடைக்காரர்தான் நேற்று போன் செய்தார். உடல் ஊருக்குப் போகிறதாம். ஸ்டிக் இன்னும் அங்கேயே தொங்குகிறதாம்.

அண்ணை, வண்டி இன்னும் ஓடுகிறது. மகளை இன்று அதில்தான் பள்ளியில் விட்டேன். கிளம்பும் முன் ஆயில் பார்த்தேன்.

சரியாக இருந்தது.

போய் வாங்கோ.