ரச்சுக்குக் கீழே வந்த பிழை

எண்பதுகளின் தொடக்கம் அது. என் மூத்த மகளின் சாதகக் குறிப்பு பல வீடுகளுக்குப் போய்த் திரும்பி வந்த பிறகு, கரவெட்டியிலிருந்து ஒரு சம்பந்தம் கூடி வந்தது. எல்லாம் பேசி முடிந்தது, ரச்சுப் பொருத்தம் ஒன்றைத் தவிர. தாலி நிலைக்குமா என்று பார்ப்பதுதான் ரச்சு. வேறு எது குறைந்தாலும் பொறுப்பார்கள், அது குறைந்தால் எழும்பிப் போய்விடுவார்கள். எங்கள் இணுவில் சாத்திரியார் ரச்சு உண்டு என்றார். அவர்களுடைய சாத்திரியாரோ, பிள்ளை பிறந்தது நட்சத்திரம் மாறுகிற நேரம், அடித்துச் சொல்ல ஏலாது என்றார்.

அப்போது என் மனைவியின் தம்பி வெளிநாட்டில் வேலை செய்துவிட்டு ஒரு கொம்பியூட்டரோடு வந்திருந்தான். பிறந்த நாளையும் நேரத்தையும் கொடுத்தால் நட்சத்திரம் கண்டு பத்துப் பொருத்தமும் பார்க்கும்படி அதற்குத் தானே புரோகிராம் எழுதி வைத்திருந்தான். மாப்பிள்ளையின் தாய் இதை எங்கேயோ கேள்விப்பட்டு, மெசினுக்குப் பக்கச்சார்பு இல்லை, அதையும் ஒருக்கால் கேட்போம் என்று சொல்லி அனுப்பினார். நான் எட்டாம் வகுப்போடு தோட்டத்தில் இறங்கியவன். வேண்டாமென்று சொல்ல எனக்கு என்ன தெரியும்?

வெள்ளிக்கிழமை பின்னேரம் மாப்பிள்ளையின் தாயும் தகப்பனும் மைத்துனன் வீட்டுக்கு வந்தார்கள். மின்சாரம் குறைந்தால் மெசினுக்குக் கூடாது என்று மைத்துனன் விசிறியை நிறுத்திவிட்டான். என் மனைவி விபூதியோடு வந்தா. எழுத்துத் தட்டுகிற கட்டைகளுக்குள் தூள் போய்விடும் என்று அவன் தடுத்ததால், பெட்டியின் பக்கவாட்டில் ஒரு சந்தனப் பொட்டு மட்டும் வைத்தா. மாப்பிள்ளையின் தாய் திரைக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் பின்னால் நின்று கந்தனை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மைத்துனன் பிள்ளைகள் இருவரின் பிறந்த நேரத்தையும் கொடுத்து, ஒரு வரிக் கட்டளை தட்டினான். சற்று நேரம் திரையில் ஒன்றும் இல்லை. பிறகு ஒரே மூச்சில் வரிகள் வந்து விழுந்தன. எல்லாம் தமிழ்ச் சொற்கள், ஆனால் ஆங்கில எழுத்தில். தினம் உத்தமம், கணம் மத்திமம் என்று அவன் வாசித்துக்கொண்டே போனான். கடைசியாக வந்தது ரச்சு. அதற்குப் பக்கத்தில் விடை இல்லை. மெசின் 'கீ' என்று கத்தியது. அதன் கீழே ஒரு வரி வந்து அப்படியே நின்றது. அதன் முதற் சொல் எனக்கும் தெரிந்தது: எரர்.

மாப்பிள்ளையின் தாய் தாலிக்கொடியைக் கையில் பிடித்தபடி எழும்பினார்.

"இஞ்சாருங்கோ, நாலரை பஸ்ஸுக்குப் போகலாம்."

மைத்துனன் பதறிப்போனான். பிழை ரச்சுக்கு உரியதல்ல என்றான். பல சோடிகளை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்க்க எழுதிய புரோகிராம் இது. இந்தச் சோடியோடு முடிகிறது என்கிற அடையாளத்தைக் கொடுக்கத் தான் மறந்துவிட்டதால், மெசின் பத்தையும் பார்த்து முடித்து, இல்லாத அடுத்த சோடியைத் தேடித்தான் பிழை என்கிறது என்றான். விடைகளை உடனுக்குடன் திரைக்கு அனுப்பினால் மெசின் மெத்தப் பிந்தும் என்று, உள்ளே சேர்த்து வைத்து, இத்தனை எழுத்து என்று நிரம்பிய பிறகு ஊற்றச் சொல்லியிருக்கிறான். பிழைச் செய்தி மட்டும் காத்து நிற்காது, முந்தி ஓடி வந்துவிடும். ரச்சின் விடை இன்னும் உள்ளே கிடக்கிறது, ஒரு கட்டையை அழுத்தினால் வரும் என்று கை நீட்டினான், மாப்பிள்ளையின் தாய் மறித்தார்.

அந்த அம்மா அமைதியாகச் சொன்னார்:

"மெசினுக்குச் சொல்லிக் குடுத்ததும் நீர். இப்ப அதுக்காகக் கதைக்கிறதும் நீர். பெட்டையின்ரை மாமன் வேறை என்னத்தைச் சொல்லுவார்?"

என் மனைவி கண்ணைத் துடைப்பதைக் காணாதது போல நின்றேன். எங்கள் வீட்டில் மகள் சாமிக்கு விளக்கேற்றிவிட்டுக் காத்திருப்பாள். என்ன சொல்வேன் என்பதே எனக்கு யோசனை.

அதுவரை வாய் திறக்காத மாப்பிள்ளையின் தகப்பன் கதிரையை விட்டு அசையவில்லை.

"தம்பி, எங்கடை ரெண்டு பேரின்ரை குறிப்பையும் உதுக்குள்ளை போடும். ஒண்டையும் திருத்தாதையும். அந்த மறந்த அடையாளத்தையும் வைக்காதையும்."

"உங்களுக்கென்ன விசரா?" என்றார் அந்த அம்மா.

"உம்மைக் கட்டின நாளிலை இருந்து எல்லாரும் அதைத்தான் கேக்கினம். இரும்."

இருவருடைய பிறந்த நாளும் நேரமும் அவருக்கு மனப்பாடம். அவர் சொல்ல மைத்துனன் தட்டினான். மறுபடியும் வெறுந்திரை, மறுபடியும் வரிகளின் கொட்டல், மறுபடியும் அந்தக் 'கீ'. இந்த முறை ரச்சு என்ற சொல்லே முழுதாக வரவில்லை. அரைச் சொல்லில் முறிந்து நிற்க, அதன் கீழே அதே எரர்.

அந்த அம்மா புருஷனின் முகத்தைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, பயம்தான் இருந்தது. தகப்பனும் பகிடியை விட்டுவிட்டார். திரையைக் கிட்டப் போய்ப் பார்த்து, மெதுவாகச் சொன்னார்:

"இஞ்சை பாரும், சொல்லையே கடிச்சுப் போட்டுது. ரச்சு இல்லையெண்டு சொல்லிறதெண்டால் முதல் ரச்சு எண்டு சொல்லி முடிக்க வேணுமெல்லோ? தம்பி, மிச்சத்தை விடும்."

மைத்துனன் ஒரு கட்டையை அழுத்தினான். எரர் வரிக்குக் கீழே, அறுந்த சொல்லின் மீதி எழுத்துகள் வந்தன. அவற்றின் பக்கத்தில் 'உத்தமம்'. அதன் பிறகு பத்தாவதாக வேதை.

அந்த அம்மா கதிரையில் இருந்துவிட்டார். ஒரு மிடறு தண்ணீர் கேட்டுக் குடித்தார். பிறகு, பிள்ளைகள் இருவரின் குறிப்பையும் திரும்பப் போடச் சொன்னார். இந்த முறை அடையாளத்தையும் வைத்து, ஒவ்வொரு வரியையும் உடனே வெளியே விடும்படி திருத்திவிட்டு மைத்துனன் தட்டினான். வரிகள் ஒவ்வொன்றாக மெல்ல மெல்ல வந்தன. ரச்சு வந்தது. முருகா என்று வாய்க்குள் சொல்லி முடிக்குமுன் பக்கத்திலேயே உத்தமம் என்று வந்தது.

அவர் அதையும் உடனே நம்பவில்லை. திரையில் விரலை வைத்து அந்த வரியை எழுத்தெழுத்தாக வாசித்தார். பிறகு என் மனைவியின் பக்கம் திரும்பினார்.

"தாலிக்குப் பொன்னுருக்க நல்ல நாள் பாருங்கோ. சாத்திரியாரிட்டையே கேளுங்கோ. உந்த மெசினிட்டைக் கேட்க வேண்டாம்."

"ஓம்," என்றா என் மனைவி. அவர்கள் நாலரை பஸ்ஸைத் தவறவிட்டிருந்தார்கள். அடுத்ததற்கு நேரம் கிடந்தது. தேத்தண்ணி போடச் சொன்னேன்.