முப்பத்துமூன்று துளை அடுப்பு

பழைய இரும்பு வாங்க வருபவனுக்கு அதைக் கொடுக்கச் சொல்லி மகள் இதுவரை நான்கு தடவை கேட்டுவிட்டாள். கொடுக்கமாட்டேன். காஸ் சிலிண்டர் கிடைக்காமல் ஊரே அலைந்த ஆண்டில் இந்தத் தகர அடுப்பில்தான் அவள் பத்தொன்பது நாள் தேநீர் வைத்தாள். நினைவுபடுத்தினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். மண்ணெண்ணெய்த் தகரத்தைப் பாதியாக வெட்டி, ஒரு பக்கத்தில் விறகு வைக்க வாய் திறந்து, மற்ற மூன்று பக்கமும் பதினொன்று பதினொன்றாக ஆணியால் துளையிட்ட அடுப்பு. மொத்தம் முப்பத்துமூன்று துளை. இந்த மாதிரி அடுப்புகளில் இது மூன்றாவது, என் கையால் செய்தது. முதலாவதைச் செய்தவர் சித்தப்பா. அதில் பொங்கியது எனக்காக.

எனக்கு அப்போது எட்டு வயது. நெருப்புக்காய்ச்சல் என்னை இருபத்தொரு நாள் பாயில் போட்டிருந்தது. பதினைந்தாம் நாள் வைத்தியர் கையை விரித்தபோது, அம்மாவின் தங்கையான சித்தி, கோப்பாயில் எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் இருந்த அம்மன் கோவிலுக்கு நேர்த்தி வைத்தார்: பிள்ளை எழும்பினால் பங்குனித் திங்களில் தன் கையால் பொங்குவதாக. நான் எழும்பிவிட்டேன். சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

சித்தி அதற்கு மூன்று வருடங்களுக்கு முன் குருநகர்ப் படகுக்காரரும் வேதக்காரருமான சித்தப்பாவை விரும்பி, தேவாலயத்தில் மோதிரம் மாற்றிக்கொண்டவர். கோவில் மனேச்சரோ மாமா, அம்மாவுக்கும் சித்திக்கும் ஒரே அண்ணன். பங்குனித் திங்களில் பெண்கள் கோவில் வீதியில் வரிசையாகக் கல் வைத்துப் பொங்குவார்கள். யாருக்கு எந்த இடம் என்று முதல்நாளே சுண்ணாம்பால் கோடு போட்டுக் கொடுப்பவர் மாமாதான்.

சித்தி போய் இடம் கேட்டார். சித்தப்பா சைக்கிளைப் பிடித்தபடி பின்னால் நின்றார். நான் சைக்கிள் கரியரில் இருந்தேன்.

"கோயில் மண்ணிலை வேதக்காரி அடுப்பு மூட்டேலாது. உன்ரை அக்கா பொங்கட்டும்" என்றார் மாமா.

"நேர்த்தி வைச்சது நான். வைச்சது அம்மாளாச்சிக்கு, அண்ணைக்கில்லை."

"உவனைக் கட்டேக்கை அம்மாளாச்சியைக் கேட்டனியோ?"

சித்தப்பா கோபிக்கவில்லை. "மண்ணிலைதானே மூட்டேலாது?" என்று மட்டும் கேட்டார். மாமா அவரோடு நேரே கதைப்பதில்லை. வேலியைப் பார்த்து, "ஓம், மண்ணிலை மூட்டேலாது" என்றார்.

அன்று பின்னேரமே எங்கள் முற்றத்தில் ஆணி அடிக்கும் சத்தம் கேட்டது. கடலில் நாட்கணக்காகத் தங்குகிறவர்கள் தகரத்துக்குள் மணல் பரப்பி அதன்மேல் அடுப்பு மூட்டுவார்களாம். அம்மா பயந்தபோது சித்தப்பா சிரித்தார். "கடலிலை எங்கை மச்சாள் மண் கிடக்கு? அங்கையும் சோறு அவியுதுதானே." மணலைக்கூடக் குருநகர்க் கரையிலிருந்து பையில் கொண்டுவந்திருந்தார். துளைகளை எண்ணிச் சொல்லும் வேலை எனக்கு. ஒரு பக்கத்தில் பத்துத்தான் இருக்கிறது என்று நான் அழுங்குப்பிடியாக நின்றதால் கடைசித் துளையை அடித்தார்.

திங்கள் காலை, இரவல் வாங்கிய நாலு சில்லுக் கைவண்டிலில் தகர அடுப்பு, புதுப்பானை, பன்னிரண்டு பனைமட்டைத் துண்டுகளுடன் போனோம். கோவில் வீதியில் இருபத்தாறு அடுப்புகள் புகைந்தன. இருபத்தாறு பெண்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். சித்தப்பா வண்டிலை அம்மன் சந்நிதிக்கு நேரே நிறுத்திச் சில்லுகளுக்குக் கல் அண்டை கொடுத்தார். மாமா வந்தார். வண்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தார்.

"மண்ணிலை இல்லை அண்ணை" என்றார் சித்தி. தீப்பெட்டியை உரசினார்.

மாமா நிமிர்ந்து விறகுக் கொட்டில் பக்கம் போனார்.

நிலத்தில் இருந்த அடுப்புகளுக்குப் படாத காற்று வண்டிலின் உயரத்தில் எங்களுக்குப் பட்டது. மட்டைகள் கடகடவென்று எரிந்து தீர்ந்தன. பால் நுரை கட்டவே ஒன்பது மட்டை போய்விட்டது. பன்னிரண்டாவதும் உள்ளே போனபோது நுரை பானையின் கழுத்தில் நின்றது, ஏறவில்லை. பொங்கி வழியாவிட்டால் நேர்த்தி நேர்த்தியல்ல. காய்ச்சல் திரும்பி வந்துவிடும் என்று பயந்து வண்டிலைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

அப்போதுதான் கண்டேன். வண்டிலின் பின் சில்லோரம் ஐந்து மட்டைத் துண்டுகள் நார் கொண்டு கட்டிக் கிடந்தன. நாங்கள் கொண்டுவந்தது பன்னிரண்டு, எரித்ததும் பன்னிரண்டு. என் கணக்குப் பிழைத்துவிட்டதோ என்ற வெட்கத்தோடு, "சித்தி, இன்னும் அஞ்சு கிடக்கு" என்றேன்.

சித்தி ஒரு தடவை குனிந்து பார்த்தார். பிறகு விறகுக் கொட்டிலைப் பார்த்தார்.

"அது எங்கடையில்லை. தொடாதை."

பக்கத்து அடுப்புப் பெண்ணொருத்தி, "ஏன் பிள்ளை, கிடக்கிறதை எடுத்து வையன்" என்றாள். சித்தி அதைக் காதில் வாங்கவில்லை. சித்தப்பாவிடம் கண்ணைக் காட்டினார். சித்தப்பா இரவல் வண்டிலின் பின்பலகையைக் கழற்றிக் காலால் மிதித்து முறித்தார். நான்கு துண்டு. நான்கையும் சித்தி அடுப்பின் வாய்க்குள் திணித்தார். பால் பொங்கிச் சந்நிதிப் பக்கமாக வழிந்து, தகரத்தில் சீறி, வண்டிலிலிருந்து கோவில் மண்ணிலேயே சொட்டியது. சித்தி அதைத் துடைக்கவில்லை. வண்டிலின் மேலேயே வாழையிலை விரித்துப் படைத்து, கற்பூரம் கொளுத்தி, முதல் பிடியை என் வாயில் ஊட்டினார்.

திரும்பும்போது பார்த்தேன். இரண்டு வேலையாட்கள் சும்மா நிற்க, மாமா தானே குனிந்து அந்த ஐந்து மட்டையையும் பொறுக்கினார். ஒன்று நழுவி விழுந்தது. அதையும் குனிந்து எடுத்தார். எப்போதும் வேலையாளைக் கூப்பிடுகிற மனிதர்.

"மாமா சரியான உலோபி. அஞ்சு மட்டையையும் விடேல்லை" என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா என் தலையில் கையை வைத்தார்.

கொட்டிலில் அடுக்கியிருந்தவை எல்லாம் முழு மட்டைகள். வண்டிலடியில் கிடந்த ஐந்தும் ஒரு சாண் நீளத்தில், தகரத்தின் வாய்க்கு அளவாகப் பிளந்தவை. எனக்கு எண்ணத் தெரிந்திருந்தது, அளந்து பார்க்கத் தோன்றவில்லை. அது தோன்றியபோது மாமா உயிரோடு இல்லை.

ஆனாலும் நான் சித்தியின் பக்கந்தான். இருபத்தாறு பேருக்குக் கோடு போட்டுக் கொடுத்துவிட்டுத் தங்கைக்கு மட்டும் இல்லையென்றவர் வண்டிலுக்குக் கீழே ஒளித்து வைத்தால் யார் எடுப்பார்கள்? இதை மகளிடம் சொன்னேன். பாவம் அந்த மனிதர், எடுத்திருக்கலாம் என்றாள். ஐந்தாவது தடவையாக இரும்புக்காரனைப் பற்றியும் கேட்டாள்.