பாதி மடக்கிய சீற்

வெயிலில் நின்ற காரின் பின்கதவைத் தூக்கினால் முதலில் வருவது மஞ்சள் தண்ணீரின் வாசம். சூடேறிய சீற் உறையின் வாசம் அதற்குப் பிறகுதான். எங்கள் ஊரான கப்பல்துறையில், எங்கள் ஒழுங்கையில் இருந்த ஒரே "வேகன்" அது. ஐந்து பேர் இருக்கலாம், நெல்மூட்டை ஏற்றலாம், சைக்கிளைப் படுக்க வைக்கலாம் என்று அப்பா வாங்கிய குடும்பக் கார். பார்வைக்குச் சின்னதுதான், ஆனால் பின்சீற் இரண்டாகப் பிரிந்து தனித்தனியாக மடங்கும், தரை மட்டமாக இருக்கும், இடப்பக்க முன்சீற்றையும் சாய்த்துவிட்டால் ஓர் ஆள் கால்நீட்டிப் படுக்கலாம்.

இந்த வசதியை எங்களுக்கு முன்பே ஊர் கண்டுபிடித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் யாராவது செத்தால், வண்டி பிடிக்க வழியில்லாதவர்கள் எங்கள் படலை வாசலில் வந்து நிற்பார்கள். அப்பா மறுத்ததேயில்லை. எங்கள் பக்கத்தில் உடலைக் கால் முன்னே போகும்படிதான் கொண்டுபோவார்கள், தனியே அனுப்புவதுமில்லை. அதனால் வலப்பக்கச் சீற்றை மடக்காமல் விட, சொந்தக்காரர் ஒருவர் அதில் இருந்து உடலில் கைவைத்தபடி வருவார். பிறகு அம்மா மஞ்சள் தண்ணீரால் காரைக் கழுவுவார். மறுநாள் அதே சீற்றில் நான் பள்ளிக்கூடம் போவேன். "செத்தவை ஒண்டும் செய்யமாட்டினம், பிள்ளை" என்பார் அப்பா. எனக்கு அது ஆறுதலாக இருந்ததேயில்லை.

எனக்குப் பத்து வயதில், ஒரு நடுமதியம், அம்மாவுக்கு "இழுப்பு" வந்து மூச்சு அடைத்தது. அப்பாவும் பக்கத்து வீட்டு மாமாவும் தூக்கி வந்து ஏற்றினார்கள். பழகிய கைகளால், அவசரத்தில், உடல்களைக் கிடத்துவதுபோலவே அம்மாவையும் கிடத்திவிட்டார்கள். நான் பாதிச் சீற்றில் ஏறி அவர் தோளில் கைவைத்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் சீனக்குடா தாண்டும்போதுதான் அம்மா கண் திறந்து, தன் கால்கள் முன்னே போவதைப் பார்த்தார்.

"இஞ்சாருங்கோ, என்னைத் திருப்பிப் போடுங்கோ."

"இன்னும் கொஞ்சத் தூரம்தான். நிப்பாட்ட ஏலாது" என்றார் அப்பா.

அம்மாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. காரை நிறுத்திவிட்டுப் போகும் அளவுக்கு அவரிடம் மூச்சு மிச்சமிருக்குமா என்று எங்களுக்குத் தெரியாது. அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் பக்கத்தில் வெறுமையாக இருந்த இடத்தைப் பார்த்தார்.

"அந்த ஆக்களைத் தள்ளி இருக்கச் சொல்லு, பிள்ளை. நெருக்கமாக் கிடக்கு."

அப்பா காரை ஓரங்கட்டினார். இறங்கி எல்லாக் கதவுகளையும் திறந்துவிட்டு, கொளுத்தும் வெயிலில் கைகட்டி நின்று, பெரியவர்களோடு பேசும் குரலில் சொன்னார்: "எல்லாரும் இறங்குங்கோ. இவ என்ர மனிசி. உயிரோட இருக்கிறா." பிறகு அம்மாவைத் திருப்பிக் கிடத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தார்.

அம்மா பிழைத்தார். அதற்குப் பிறகு அப்பா எந்த உடலையும் ஏற்றவில்லை. அழுதுகொண்டு வந்தவர்களிடமும் "ஏலாது" என்றார். அன்று அம்மாவைத் தூக்கிவிட்ட மாமாவே செத்தபோதும் உழவு மெசினின் பின்னால் கொளுவிய இழுவைப் பெட்டியில்தான் கொண்டுவந்தார்கள். அது இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இப்போது ஆஸ்பத்திரி வாசலிலேயே உடல்களை ஏற்றவென்றே வான் வண்டிகள் நிற்கின்றன. வேகன் பழைய இரும்புக்குப் போயிற்று, அப்பாவும் இல்லை. போன மாதம் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது அம்மா சொன்னார்: "அண்டைக்கு நான் ஒருத்தரையும் காணேல்லை. அப்பிடிச் சொன்னாத்தான் நிப்பாட்டுவார் எண்டு சொன்னனான்." அந்தப் பொய்யை நம்பியே அப்பா அத்தனை பேரைத் திருப்பியனுப்பினார் என்று அழுதார்.

நான் அவருடைய கோப்பையை நிரப்பினேன். அன்று அப்பா வெளியே நின்று இறங்கச் சொன்னபோது, பாரம் குறைந்தால் எழும்புவதுபோல் காரின் பின்பக்கம் மெல்ல எழும்பியது. நாலைந்து தரம், ஒவ்வொருவராக இறங்குவதுபோல். அம்மாவும் நானும் உள்ளேயே இருந்தோம்.