உட்காரும், பேசாது

எட்டாவது ஸ்க்ரூவையும் கழற்றி, தாளில் அதற்கான இடத்தில் வைத்தாள் மௌரீன். காலையில் சர்ச்சில் கொடுத்த ஆராதனைத் தாள் அது. பின்பக்கத்தில் லேப்டாப்பின் உருவத்தைப் பென்சிலால் வரைந்திருந்தாள். எந்த மூலையில் கழற்றியதோ, அந்த ஸ்க்ரூ தாளிலும் அந்த மூலையில்தான் கிடக்கும். தாள் தீர்ந்துவிட்டால் அடுத்த ஞாயிறுவரை எதையும் பிரிக்கமாட்டாள்.

பெங்களூர் காக்ஸ் டவுனில் இருபது வருடமாக லேப்டாப் ரிப்பேர் கடை. மாடல் நம்பரைச் சொல்ல வாயெடுப்பவர்களை, "பேரெல்லாம் அப்புறம். முதுகைத் திறந்து பாப்போம்" என்று நிறுத்திவிடுவாள். திறப்பதற்கு முன் மெஷினின் அடியில் புறங்கையை வைத்துப் பார்ப்பாள், காய்ச்சல் பார்ப்பதுபோல.

எதிரே ஹரிஷ்குமார். வேலை போய் நான்கு மாதம். மறுநாள் பத்து மணிக்கு ஆன்லைன் இன்டர்வியூ. அவன் லேப்டாப்பில் எல்லாவற்றையும் சேமித்துவைக்கும் பழைய எஸ்.எஸ்.டி. பத்து நிமிடத்துக்கொரு முறை உறைந்துபோகிறது. புதியதை அவனே நெட்டில் பார்த்து வாங்கியிருந்தான்.

"இருக்கிறதிலேயே ஃபாஸ்ட் ஆன்ட்டி, என்.வி.எம்.ஈ. வீட்ல போட்டுப் பாத்தேன், கரெக்டா உக்காருது."

"உக்காரும். பேசுச்சா?"

"இல்ல. டிரைவே இல்லேங்குது."

"இது பேசறது என்.வி.எம்.ஈ. உன் ஸ்லாட்டுக்கு பழைய சாட்டா பாஷை மட்டும்தான்பா தெரியும். கன்னட கண்டக்டர்கிட்ட பிரெஞ்சுல டிக்கெட் கேட்டா குடுப்பானா?"

பழையதையும் புதியதையும் அருகருகே வைத்துக் காட்டினாள். நீளம் ஒன்றுதான். பழையதன் முனையில் இரண்டு வெட்டு, புதியதில் ஒன்று.

"இதை ரிட்டர்ன் போட்டுடு. சாட்டா, ரெண்டு வெட்டு, இதே நீளம். அதான் வேணும்."

"ஞாயித்துக்கிழமை எஸ்.பி. ரோடு கம்ப்யூட்டர் கடையெல்லாம் லீவாச்சே ஆன்ட்டி."

"லீவுதான். எங்கிட்டயும் ஸ்டாக் இல்ல."

ஹரிஷ்குமார் கடிகாரத்தைப் பார்த்தான். மௌரீன் மேசை ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்த தன் லேப்டாப்பை இழுத்தாள். அதிலிருந்ததையெல்லாம் ஒரு வெளி டிஸ்கில் இறக்கிவிட்டு அணைத்தாள். கவிழ்த்துப் புறங்கையை வைத்தாள்.

"இதுல சாட்டா இருக்கு."

"ஐயோ வேணாம். உங்க வேலை?"

"சும்னே பேசாத" என்று கன்னடம் கலந்து அதட்டினாள் மௌரீன். "இன்னொரு தாள் எடு. பின்னாடி வெள்ளையா இருக்கணும்."

மறுநாள் அவள் எஸ்.பி. ரோட்டுக்குப் போய்த் தனக்கொரு சாட்டா வாங்கிக்கொண்டு, பன்னிரண்டு மணிக்குக் கடையைத் திறந்தாள். ஹரிஷ்குமார் லேப்டாப்பும் கையுமாக வந்தான்.

"ஒரு தடவைகூட நிக்கல ஆன்ட்டி. ரெண்டாவது ரவுண்டுக்குக் கூப்டிருக்காங்க."

அவள் லேப்டாப்பை வாங்கிக் கவிழ்த்தாள். புறங்கையை வைத்துப் பார்த்தாள்.